ஈரக் கல்லில் முப்பத்தேழு பெயர்கள்

எங்கள் பட்டறையில் சமையல்மேடைக் கல் அறுப்பது வீட்டுக்காரர் வேலை, எழுத்து வெட்டுவது என் வேலை. பேச்சில் மட்டும் அந்தப் பாகப்பிரிவினை கிடையாது. அவர் பங்கையும் சேர்த்து நானே பேசிவிடுவேன். இருபத்தாறு வருஷமாக அவர் "ம்" என்பதும் நான் அதற்கு நாலு அர்த்தம் கண்டுபிடித்துச் சண்டை போடுவதுமாகக் குடும்பம் ஓடுகிறது. வீட்டுப் பெயர்ப்பலகை, கடைப் பலகை, கல்லறைக் கல், திறப்புவிழாக் கல் என்று இந்த ஊரில் கல்லில் எதைப் படித்தாலும் பாதிக்கு மேல் என் கை. அந்தக் கர்வம் எனக்கு நிறையவே உண்டு. இப்போது சொல்லப்போவதைக் கேட்டால் அது எங்கே போய் இடித்தது என்று தெரியும்.

நகரமன்றச் செயலாளர் ஒருநாள் காலையில் பட்டறைக்கு வந்தார். அக்குளில் ஃபைல் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயரே 'ஃபைல்காரர்'. நாட்டில் போர் தொடங்கி இரண்டாவது வருஷம் அது. எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பதினொரு பேர் போய்ச் சேர்ந்திருந்தார்கள். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள சதுக்கத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுக்கல் வைக்க மன்றம் முடிவு செய்திருந்தது. ஆளுயரத்துக்கு மேலே ஒரு அடி, பளபளப்பு இல்லாத சாம்பல் கல். பளபளத்தால் போட்டோவில் கண் கூசும் என்று யாரோ சொன்னார்களாம்.

"பதினோரு பேரும் மேல் பாதியில வரட்டும்" என்றார்.

"கீழ்ப் பாதியில என்ன? செடி கொடி ஏதாச்சும் வெட்டணுமா?"

"அது சும்மா இருக்கட்டும்."

"சும்மா எதுக்குங்க இருக்கணும்? அவ்ளோ பெரிய கல்லு."

ஃபைலின் நூலை அவிழ்த்தார், மறுபடி கட்டினார். "சண்டை இன்னும் முடியலையேம்மா" என்றார்.

இந்த இடத்தில் புத்தியுள்ள ஒரு மனுஷி என்ன செய்திருப்பாள்? ஒரு நிமிஷமாவது வாயை மூடியிருப்பாள். நான் என்ன கேட்டேன் தெரியுமா? "எத்தனை பேருக்கு இடம் வேணும்?" என்று கேட்டேன். ஜன்னல் எத்தனை அடி என்று கேட்கிற மாதிரி.

"அதை நான் எப்படிம்மா சொல்ல முடியும்?"

"தோராயமா விடற வேலையெல்லாம் என்கிட்ட கிடையாது. கடைசியில இடம் பத்தாம நெருக்கி நெருக்கி எழுத வேண்டி வரும், பாக்கவே அசிங்கமா இருக்கும். அதிகபட்சம் எத்தனைன்னு சொல்லுங்க, அதை வச்சு எழுத்தோட அளவை முடிவு பண்றேன்."

மறுநாள் அவர் ஒரு பட்டியலைக் கொண்டுவந்து கொடுத்தார். ஊரிலிருந்து படைக்குப் போய் இன்னும் உயிரோடு இருக்கிற முப்பத்தெட்டுப் பேரின் பட்டியல். தெருவாரியாக, வீட்டு வரிசையில் இருந்தது. அதிகபட்சம் என்றால் அதுதானே. அவரும் நானும் ஒரு கணக்கைச் சரியாகப் போட்டுவிட்ட திருப்தியோடு தலையாட்டிக்கொண்டோம். இன்றைக்கு நினைத்தாலும் அந்த இரண்டு தலைகளையும் பிடித்து ஒன்றோடொன்று மோதவேண்டும் போலிருக்கிறது.

என் வேலையைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். முழுக் கல்லையும் வரைந்து முடிக்காமல் நான் உளியைத் தொடமாட்டேன். ஒரு பெயர் நாலு எழுத்தில் முடியும், இன்னொன்று அப்பன் பெயரையும் இழுத்துக்கொண்டு பதினைந்து எழுத்துக்குப் போகும். கடைசி வரி எங்கே உட்காருகிறது என்று தெரிந்தால்தான் முதல் வரியின் உயரத்தைச் சொல்லமுடியும். அதனால் இறந்தவர்கள் பதினொரு பேரையும் வரைந்துவிட்டு, கீழே மற்றவர்களையும் வரைந்துதான் அளவு பார்க்கவேண்டும். வெட்டப்போவது மேலே இருப்பதை மட்டும். கீழே இருப்பதை அப்புறம் துடைத்துவிடலாம்.

வழக்கமாகச் சாக்குக்கட்டியில் வரைவேன். அந்த வாரம் பக்கத்திலேயே வீட்டுக்காரர் தண்ணீர் விட்டு மேடைக்கல் அறுத்துக்கொண்டிருந்தார். அந்தச் சாரல் பட்டு இரண்டு முறை நான் போட்ட கோடெல்லாம் கரைந்து ஓடிவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. அவர் பலகைக்கல்லில் குறி போட வைத்திருக்கும் மஞ்சள் மெழுகுப் பென்சிலை எடுத்தேன். அது தண்ணீருக்குப் போகாது.

அவர் ரம்பத்தை நிறுத்தினார். "அது பாலிஷ் கல்லுக்கு. இந்தக் கல்லு உறிஞ்சும்" என்றார்.

"எனக்குப் பாடம் எடுக்காதீங்க. மண்ணெண்ணெய் போட்டுத் துடைச்சா போயிடும்."

"ம்" என்றார். அதற்கு அர்த்தம் கண்டுபிடிக்க எனக்கு அன்று நேரமில்லை.

ரேடியோவைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பழைய பாட்டுகளாகப் போய்க்கொண்டிருந்தன. தபால்காரர் மகன், பேக்கரிக்காரரின் இரட்டையர், பள்ளிக்கூட வாட்ச்மேன் மருமகன் என்று தெருத் தெருவாக இறங்கி வந்தேன். பாதிப் பேரை நான் தூக்கி வைத்துக் கொஞ்சியிருக்கிறேன். ஒருவன் என் பட்டறைக் கண்ணாடியைப் பந்தால் உடைத்தவன். ஒவ்வொரு பெயரும் நன்றாக வந்தது. பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்துக்கொண்டே எழுதினேன் என்பதை மறைக்கப்போவதில்லை.

எங்கள் தெரு வந்தது. தையல்கடை அக்கா வீட்டுப் பையனை எழுதி முடித்தேன். அடுத்த வீடு எங்களுடையது. பட்டியலில் என் மகன் பெயர் இருந்தது.

பென்சில் கல்லைத் தொடவில்லை. கை வலிக்கிறது என்று நினைத்தேன். எழுந்து போய் டீ போட்டுக் குடித்தேன். திரும்பி வந்தேன். கை மறுபடியும் அதே இடத்தில் நின்றது. ஒரு தாள் துண்டில் அவன் பெயரை எழுதி நீளத்தை அளந்தேன். கல்லில் அந்த நீளத்துக்கு இரண்டு புள்ளி மட்டும் வைத்து, இடத்தை விட்டுவிட்டு, அதற்கு அடுத்த வீடான பால் டிப்போக்காரர் மகனுக்குப் போனேன். அளவு சரியாகத்தானே இருக்கிறது, எழுதினால் என்ன எழுதாவிட்டால் என்ன என்று சொல்லிக்கொண்டேன். யாரிடமும் சொல்லவில்லை.

மேலே இருந்த பதினொரு பெயரையும் வெட்ட மூன்று வாரம் ஆனது. டிரைவர் அண்ணன் தினமும் வந்து ஒரு ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். ஊர்ப் பேருந்தை முப்பது வருஷம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அவருடைய ஒரே பையன் ஏழாவது வரியில் இருந்தான். வெட்டி முடித்த அன்று, "தொட்டுப் பாக்கலாமா?" என்று கேட்டார். தொட்டார். ஒவ்வொரு எழுத்தின் பள்ளத்திலும் விரலை விட்டு மெதுவாகப் போய் வந்தார். அப்போது மட்டும் நான் ரேடியோவை அணைத்தேன்.

பிறகு பள்ளங்களில் கறுப்பு மை ஏற்றி, கீழ்ப் பாதியை மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்தேன். மஞ்சள் போனது. கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரிச் சுத்தமாக இருந்தது. மை காயவேண்டும் என்பதால் தண்ணீர் ஊற்றவில்லை. வண்டியில் ஏற்றி, சதுக்கத்தில் நட்டு, துணி போட்டு மூடினோம்.

திறப்புவிழா காலை பத்து மணிக்கு. வானம் கறுத்திருந்தது. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை, குடை எல்லோரிடமும் இருந்தது. இறந்தவர்களின் குடும்பங்கள் முன்வரிசை நாற்காலிகளில், படையில் பிள்ளைகள் இருக்கிறவர்கள் அடுத்த வரிசையில். தையல்கடை அக்கா எனக்குப் பக்கத்தில் இருந்தாள். கழுத்தில் எப்போதும் தொங்கும் அளவு டேப்பை அன்றும் கழற்றாமல் வந்திருந்தாள். நான் சுட்டிக்காட்டினேன். "ஐயய்யோ, பிரேதத்துக்கு அளவெடுக்க வந்தவன்னு நெனச்சுக்குவாங்கடி" என்று சட்டென்று சுருட்டிப் பையில் போட்டாள். இரண்டு பேரும் வாயைப் பொத்திச் சிரித்தோம்.

நகரமன்றத் தலைவர் துணியை இழுத்தார். பேண்டு வாசித்தது. பதினொரு பெயரும் கறுப்பாக, நேராக, அழகாக நின்றன. என் வேலையை நானே தலை சாய்த்து ரசித்தேன். தலைவர் காகிதத்தை விரித்துப் பேசத் தொடங்கினார். அவர் மூன்றாவது பக்கத்தைத் திருப்பும்போது தூறல் விழுந்தது. குடைகள் விரிந்தன.

கல் நனைந்தது. சாம்பல் கல் நனைந்தால் கறுக்கும். மேலிருந்து கீழே கறுத்துக்கொண்டே வந்தது. கீழ்ப் பாதியில் மட்டும் சில கோடுகள் கறுக்காமல் வெளுப்பாகவே நின்றன. மெழுகு ஊறிய இடத்தில் தண்ணீர் ஏறாது. முதலில் ஒரு எழுத்து, பிறகு ஒரு பெயர், பிறகு வரிசை வரிசையாக அத்தனையும். நான் மெழுகால் வரைந்ததை மண்ணெண்ணெய் கரைத்து, கல்லுக்குள் ஊட்டிவிட்டிருந்தது. துடைத்ததாக நினைத்துக்கொண்டு நானேதான் அழுத்தி உள்ளே தேய்த்திருக்கிறேன்.

பின்னால் யாரோ கை தட்டினார். ஏதோ புது நுட்பம் என்று நினைத்திருக்கவேண்டும். இன்னும் இரண்டு பேர் தட்டினார்கள். பல பேர் போனைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்தார்கள். அப்புறம் முதல் வரியைப் படித்த தபால்காரர் நாற்காலியிலிருந்து எழுந்தார்.

"இது என் பையன் பேராச்சே" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. "அவன் நல்லா இருக்கானே. காலையில பேசினானே."

தட்டிய கைகள் நின்றன. தலைவர் இதைக் கவனிக்காமல் அரைப் பக்கம் படித்துவிட்டு நின்றார். ஓடிப்போய்க் கல்லின்மேல் விழுந்து மறைக்கவேண்டும் என்று தோன்றியது, இடுப்பு நகரவில்லை. அக்கா கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒவ்வொரு வரியாகக் கீழே இறங்குவது தெரிந்தது. அவளுக்குக் கண்ணாடி மாற்றவேண்டிய நேரம் தாண்டியிருந்தது. படிக்க முடியாமல் போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். படித்துவிட்டாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை. பிறகு அவள் கண் ஒரு வீடு தள்ளி நகர்ந்தது, அந்த வெற்றிடத்துக்கு. அங்கிருந்து அதற்கு அடுத்த வீட்டுக்குப் போய், மறுபடி வெற்றிடத்துக்கே வந்தது.

தெரு வரிசை அது. அங்கே யார் வீடு என்று கைக்குழந்தைக்கும் தெரியும்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. குடையை மடக்கிக்கொண்டு மழையில் நடந்து போனாள்.

மறுநாள் நகரமன்றக் கூடத்தில் கூட்டம். ஃபைல்காரர் ஃபைலைத் திறக்கவே இல்லை. நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பட்டியல் எதற்கு, ஏன் மொத்தத்தையும் வரைந்தேன், மெழுகு, மண்ணெண்ணெய் எல்லாம். சொல்லச் சொல்ல அது எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. பட்டறைக்குள் இருந்தபோது அவ்வளவு நியாயமாக இருந்த விஷயம் அது.

"அதை எடுக்க முடியுமா முடியாதா?" என்று தபால்காரர் கேட்டார்.

"கீழ மட்டும் தேய்ச்சா பள்ளம் விழும். கல்லோட முகத்தை முழுசா நாலு மில்லிமீட்டர் தேய்ச்சா போகும். ஆனா மேல வெட்டினதும் போயிடும். மறுபடி வெட்டணும்."

"தேய்ங்க."

டிரைவர் அண்ணன் கடைசி பெஞ்சில் இருந்தார். "அப்ப என் பையன் பேரு?" என்றார்.

"மறுபடி வெட்டித் தர்றேன்ண்ணே. இதைவிட நல்லா வெட்டித் தர்றேன்."

"ஒரு தடவை போனான். போதும்மா. திரும்பவும் அழிக்கறதைப் பாக்க என்னால ஆகாது."

முன்வரிசைக்காரர்கள் பலர் அவர் பக்கம் தலையாட்டினார்கள். அடுத்த வரிசைக்காரர்கள் ஒவ்வொரு மழைக்கும் நாங்கள் சாகவேண்டுமா என்று கேட்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது, இரண்டுக்கும் நடுவில் நான் இருந்தேன். சத்தம் அடங்கிய ஒரு கணத்தில் அக்கா எழுந்தாள்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சா போதும். என் பையன் பேரை எழுதறப்ப உன் கை நின்னுச்சா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது இரண்டு நாள் கடையைப் பூட்டிவிட்டு என்னோடு ஆஸ்பத்திரியில் இருந்தவள்.

"நிக்கல அக்கா" என்றேன்.

"உன் பையனுக்கு?"

"நின்னுடுச்சு."

எனக்கே அப்போதுதான் உறைத்தது. முப்பத்தேழு பிள்ளைகளைப் பாட்டுக் கேட்டுக்கொண்டே கல்லில் ஏற்றியிருக்கிறேன். அவர்கள் எனக்கு எழுத்துகளாக இருந்திருக்கிறார்கள். ஒருவன் மட்டும்தான் பிள்ளையாக இருந்திருக்கிறான். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

"அப்ப உன் புள்ளை பேரையும் அதுல எழுது" என்றாள் அக்கா. "எழுதிட்டு வா. அதுக்கப்புறம் நான் வாயத் தொறக்கல."

மன்றம் ஒரு முடிவும் எடுக்கவில்லை. கல்லை நீலத் தார்ப்பாய் போட்டு மூடி, நைலான் கயிற்றால் கட்டினார்கள். பேருந்துக்கு நின்றவர்கள் அதன் நிழலில் ஒதுங்கினார்கள்.

நாலாவது நாள் மத்தியானம் மகன் போன் செய்தான். சோற்றில் கை வைத்திருந்தேன். இடது கையால் எடுத்தேன்.

"ஏம்மா, நம்ம ஊர்க் கல்லு இங்க வரைக்கும் வந்துடுச்சே" என்று சிரித்தான்.

அந்தப் போன்கள், அத்தனை படங்கள். அதை நான் யோசிக்கவே இல்லை. "யாருடா அனுப்பினது?"

"யாரோ. எல்லாரும் பாத்துட்டோம். நம்ம ஊர்ப் பசங்க ஒன்பது பேர் இங்க ஒரே முகாம்தானே." குரலைத் தாழ்த்தினான். "முதல்ல தமாஷாதான் இருந்துச்சு. 'உனக்கென்னடா, உங்கம்மா உன் பேரை மட்டும் எழுதாம விட்டுட்டாங்க, நீ முன்னாடி போ'ன்னு ஓட்டினாங்க. நானும் சிரிச்சேன்."

"இப்ப?"

"இப்ப யாரும் ஓட்டறதில்ல. நான் போய்ப் பக்கத்துல உக்காந்தா பேச்சு நின்னு போவுது. காவலுக்கு என்கூட ஜோடி சேர யோசிக்கறாங்க. எனக்கு ஒண்ணும் ஆகாதாம், ஆனா கூட இருக்கறவனுக்கு ஆயிடுமாம்."

"அறிவு கெட்டவனுங்க. நீ அதையெல்லாம் காதுல வாங்காதே."

"அம்மா, என் பேரையும் எழுதிடும்மா."

"வாயை மூடுடா."

"எழுதி, ஈரமாக்கி, போட்டோ எடுத்து அனுப்பு. என்னால இங்க இருக்க முடியல."

"உசுரோட இருக்கற புள்ளை பேரை எந்த அம்மாடா அதுல எழுதுவா?"

"அவனுங்களும் உசுரோடதானே இருக்காங்க" என்றான்.

சோறு கையில் காய்ந்துபோயிருந்தது. வீட்டுக்காரர் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். போனை வைத்ததும் எழுந்து பட்டறைக்குப் போனார். அந்த மஞ்சள் பென்சிலைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். "ம்" என்றுகூடச் சொல்லவில்லை. அவர் கண்கள் சிவந்திருந்தன.

மறுநாள் காலை பதினொரு மணிக்குச் சதுக்கத்துக்குப் போனேன். பென்சில், மண்ணெண்ணெய் பாட்டில், துணி, ஒரு வாளி. வாளியைப் பேருந்து நிலையக் குழாயில் நிரப்பிக்கொண்டேன். கயிற்றை அவிழ்த்துத் தார்ப்பாயைத் தூக்கினேன். காய்ந்த கல், கீழ்ப் பாதி வெறுமையாக இருந்தது. எந்த இடம் என்று தெரியவேண்டும் என்பதற்காகக் கையால் கொஞ்சம் தண்ணீர் தெளித்தேன். கல்லில் தையல்கடை அக்கா பையன் வந்தான். பால் டிப்போக்காரர் மகன் வந்தான். நடுவில் என் இரண்டு புள்ளிகளும் வந்தன.

ஈரம் காயும்வரை காத்திருந்துவிட்டு எழுதினேன். ஏழு எழுத்து. அவன் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனபோது அவன் சிலேட்டில் நான் எழுதிக் கொடுத்த அதே ஏழு எழுத்து. கை நடுங்கியது. நடுங்கிய எழுத்தை நான் எந்தக் கல்லிலும் விட்டதில்லை, இதைத் திருத்தவில்லை. பிறகு துணியில் மண்ணெண்ணெயை ஊற்றி அவன் பெயரைத் தேய்த்தேன். மற்றவர்களை எப்படித் தேய்த்தேனோ அப்படியே, அழுத்தி. அதைச் செய்யும்போது என் வாயிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பேருந்துக்கு நின்ற ஒரு ஆள் திரும்பிப் பார்த்தார்.

அரை மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். பிறகு பாதி வாளித் தண்ணீரைக் கல்லின்மேல் ஊற்றினேன். வந்துவிட்டது. முப்பத்தெட்டு.

அக்காவின் கடை சதுக்கத்துக்கு நேர் எதிரே. அவள் எப்போது வந்தாள் என்று தெரியவில்லை. எனக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் டேப், கையில் யாருக்கோ தைத்துக்கொண்டிருந்த பாதிச் சட்டை.

"என்னடி பண்ணியிருக்கே?" என்றாள்.

நான் வாளியைக் கீழே வைத்தேன்.

அவள் என்னைத் தள்ளிக்கொண்டு முன்னால் போனாள். அந்தப் பாதிச் சட்டையால் என் மகன் பெயரைத் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்க எழுத்து வெளுப்பாக அப்படியே நின்றது. சட்டையைக் கீழே போட்டுவிட்டு உள்ளங்கையால் தேய்த்தாள். "நான் ஏதோ கோவத்துல சொன்னேன். ஒருத்தி வாய்க்கு வந்ததைச் சொன்னா, அதுக்காக நீ எழுதிடுவியா? நீயெல்லாம் ஒரு தாயா? அவன் என் கையாலயும் சோறு தின்னவன்டி. அழி. இதை அழிக்க ஏதாச்சும் இருக்கும், கொண்டு வா."

"அழியாது அக்கா."

"நான் சொன்னதுக்காகவா எழுதினே?"

"நீ சொன்னதுக்காக இல்ல. அவனே கேட்டான். போட்டோ அங்க போயிருக்கு. எல்லாரும் பாத்துட்டாங்க. இவன் பேரு மட்டும் இல்லன்னு இவன்கூட ஒருத்தனும் சேர மாட்டேங்கறான்."

அவள் கை கல்லிலேயே நின்றது.

"எல்லாரும்னா?"

"ஒன்பது பேரும்."

"என் பையனுமா?"

"ஆமா அக்கா."

அவள் மெதுவாகப் படியில் உட்கார்ந்தாள். அங்கே நான் ஊற்றிய தண்ணீர் தேங்கியிருந்தது, அதை அவள் கவனிக்கவில்லை. எதிரே ஒரு பேருந்து வந்து நின்று, ஆட்களை இறக்கிவிட்டுப் போனது.

"நேத்து சாயங்காலம் பேசினான்டி" என்றாள். "அரை மணி நேரம் பேசினான். சாப்டியான்னு கேட்டான். கண்ணாடி மாத்தினியா, ஏன் இன்னும் மாத்தலன்னு திட்டினான். மெஷின் பெல்ட் என்ன ஆச்சுன்னு கேட்டான். நான்தான் அவனுக்குத் தெரியக்கூடாது, தெரியக்கூடாதுன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டுப் பேசினேன். அவன் ஒரு வார்த்தை சொல்லல. தன் பேரை அதுல பாத்துட்டு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

அவள் அழவில்லை. நானும் அழவில்லை. அழுகிற இடத்தையெல்லாம் தாண்டி வேறெங்கோ வந்துவிட்டது போலிருந்தது. அவள் தோளைத் தொடலாமா என்று யோசித்தேன், தொடும் தைரியம் வரவில்லை.

வெயில் ஏறியது. கல் மேலிருந்து காயத் தொடங்கியது. முதல் தெருக்காரர்கள் மறைந்துகொண்டிருந்தார்கள்.

அக்கா அதைப் பார்த்தாள். எழுந்து, வாளியில் மிச்சமிருந்த தண்ணீரைத் தூக்கினாள்.

"போனை எடு" என்றாள். "ரெண்டு பேர் பேரும் சேந்து தெரியற மாதிரி எடு." பிறகு எங்கள் தெரு இருந்த வரியில் தண்ணீரை ஊற்றிவிட்டு, படத்தில் விழாதபடி ஒதுங்கி நின்றாள்.

முதல் இரண்டு படமும் கலங்கிவிட்டன. மூன்றாவதை அனுப்பினேன்.